பாரிஸில் கடைசி நாள், இரவு 9.50 விமானம், பெங்களூர் திரும்புகிறோம்: எதை முதலில் செய்வது?

அல்சூர்_ஜோடி

நானும் கணவரும் இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று நீண்ட சுற்று முடித்து வரும் செவ்வாய் பாரிஸிலிருந்து தோஹா வழியாக பெங்களூர் வருகிறோம். ஓட்டல் அறையைக் காலை 11 மணிக்குக் காலி செய்யணும், விமானம் இரவு 9.50. ஃப்ளாரன்ஸில் வாங்கிய தோல் பை, ம்யூனிக்கில் வாங்கிய கேமரா, பாரிஸில் வாங்கிய சென்ட், மூன்றுக்கும் டாக்ஸ் ரீஃபண்ட் படிவம் (வெளிநாட்டுப் பயணி கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறுவதற்கு) கையில் இருக்கிறது. 750 மில்லி ஒயின் ஐந்து பாட்டில் வேறு. லூவ்ர் அருங்காட்சியகம் பாக்கி இருப்பதால் அன்று பகலில் போகலாமா? பெட்டிகளை எங்கே விடுவது, ஏர்போர்ட்டுக்கு எப்போது கிளம்புவது?

கம்மனஹள்ளி_48

லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைத் திங்களன்றே முடித்துவிடுங்கள்.

உங்கள் செவ்வாய்க்கிழமையைத் தீர்மானிக்கப்போவது அந்த மூன்று படிவங்கள்தான். ஐரோப்பிய யூனியனுக்குள் எங்கே வாங்கியிருந்தாலும், யூனியனை விட்டு வெளியேறும் கடைசி ஏர்போர்ட்டில்தான் கஸ்டம்ஸ் ஒப்புதல் வாங்கணும். உங்களுக்கு அது பாரிஸ். ஆனால் மூன்றுக்கும் ஒரே வழி இல்லை. பிரான்ஸ் படிவத்துக்கு ‘பாப்லோ’ என்ற இயந்திரம் இருக்கிறது. படிவத்தின் பார்கோடைக் காட்டினால் பச்சைத் திரை வரும், அதோடு முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்திலேயே கஸ்டம்ஸ் கவுன்டருக்குப் போகணும். இத்தாலி, ஜெர்மனி படிவங்களுக்கு இந்த இயந்திரத்தை நம்ப வேண்டாம், நேராகக் கவுன்டரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். எல்லாவற்றையும் இயந்திரத்தில் காட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். முத்திரை விழாத படிவத்துக்குப் பணம் வராது.

கவுன்டரில் பொருளைக் காட்டச் சொன்னால் காட்டியாகணும். அதனால் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே இந்த வேலை முடியணும். தோல் பையையும் கேமராவையும் பெட்டியின் மேலடுக்கில், வாங்கிய உறையோடும் பில்லோடும் வையுங்கள். விலைச்சீட்டு பிரிக்காமல் இருந்தால் கேள்வி குறையும். பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் கையிலேயே இருக்கட்டும். முத்திரை விழுந்ததும் படிவத்தை போட்டோ எடுத்துக்கொண்டு, கடை கொடுத்த உறையில் போட்டு அந்த ரீஃபண்ட் கம்பெனியின் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். உறை தொலைந்து பணம் நிற்கும்போது அந்த போட்டோதான் துணை.

எவ்வளவு வரும் என்பதிலும் ஆசையை அளவாக வையுங்கள். பிரான்ஸில் வரி 20 சதவீதம். ஆனால் வரி சேர்ந்த விலையில் அதன் பங்கு 16.67 சதவீதம்தான். இடையில் நிற்கும் கம்பெனி தன் கட்டணத்தைக் கழித்தபின் 12 சதவீதம் அளவில் கைக்கு வரும். ரொக்கமாக வாங்கினால் இன்னும் குறையும். கிரெடிட் கார்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து மாலை 5.30-க்கு டெர்மினலுக்குள் இருந்தால் நிம்மதி.

ரயில்பித்து

பெட்டி விஷயம். ஓட்டலிலேயே விட்டுவைக்கச் சொல்லலாம், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் ஓட்டல் ஊரின் தென்புறம் என்றால் திரும்பிப் போய் எடுப்பதிலேயே ஒரு மணி நேரம் கரையும். கார் து நோர் ரயில் நிலையத்தில் லாக்கர் இருக்கிறது. எக்ஸ்ரே முடிந்துதான் உள்ளே விடுவார்கள், கோடையில் பெரிய லாக்கர்கள் சீக்கிரம் நிரம்பும். ஏர்போர்ட்டுக்குப் போகும் ஆர்.இ.ஆர். பி ரயில் அங்கிருந்தே கிடைப்பதுதான் இதில் வசதி.

11 மணிக்குப் பெட்டியைப் போட்டுவிட்டு அதே பி ரயிலில் தெற்கே இரண்டாவது நிறுத்தம், சேன் மிஷேல். இறங்கினால் நோத்ர் தாம் தேவாலயம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தார்கள், அனுமதி இலவசம். பெரிய பையோடு உள்ளே விட மாட்டார்கள், அதனால்தான் முதலில் லாக்கர்.

மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி கார் து நோர் வந்து ஐந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல். இலங்கைத் தமிழர் கடைத்தெரு. கொத்து ரொட்டி, இடியப்பம், வடை எல்லாம் கிடைக்கும், கடைப் பலகைகளே தமிழில் இருக்கும். ரொம்ப நாள் ரொட்டியும் சீஸுமாக இருந்த வயிற்றுக்கு இதைவிட நல்ல மதியம் பாரிஸில் இல்லை. பக்கத்தில் ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. மதியம் நடை சாத்தியிருக்கலாம், நேரம் பார்த்துப் போங்கள்.

கார் து நோரில் பெட்டியை எடுத்துக்கொண்டு 4.15-க்குள் ரயில் ஏறிவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம், பெரிய பெட்டியோடு நிற்கவே இடம் இருக்காது. ஜேப்படிக்குப் பேர்போன நிலையம் அது, பாஸ்போர்ட்டைச் சட்டைக்கு உள்ளே வையுங்கள். ஊருக்குள் செல்லும் சாதாரண மெட்ரோ டிக்கெட் ஏர்போர்ட்டுக்குச் செல்லாது, தனி டிக்கெட் வேண்டும். டிக்கெட் ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈசி அட்டை ஒன்றிலேயே இருவர் போகவும் முடியாது, ஆளுக்கொன்று. பி ரயில் வடக்கே இரண்டாகப் பிரிகிறது. பலகையில் மித்ரி என்று இருந்தால் ஏறாதீர்கள். டெர்மினல் 1, 3 என்றால் முதல் ஏர்போர்ட் நிலையத்தில் இறங்கணும், 1-க்கு அங்கிருந்து இலவச ஷட்டில் ரயில், 3-க்கு நடந்தே போகலாம். டெர்மினல் 2 என்றால் கடைசி நிலையம்.

அன்று ரயில் வேலைநிறுத்தம் இருந்தால் டாக்ஸிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. 2025 நிலவரப்படி சேன் நதியின் வலக்கரையிலிருந்து (வடக்குப் பக்கம்) 56 யூரோ, இடக்கரையிலிருந்து (தெற்குப் பக்கம்) 65.

அல்சூர்_ஜோடி

ரொம்ப நன்றி. ஒயின் ஐந்து பாட்டிலும் சேர்த்து 3.75 லிட்டர்தானே, இருவருக்கும் 4 லிட்டர் அனுமதி என்றால் சரியாகிவிடும் இல்லையா? கேமரா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வரும், அதையும் இருவர் கணக்கில் பாதி பாதியாகக் காட்டலாமா?

ஸ்ரீராமபுரம்_அக்கா

இரண்டும் முடியாதும்மா. இந்திய கஸ்டம்ஸில் வரியில்லாமல் கொண்டுவரும் சலுகை ஆளுக்கு ஆள் தனி, கணவன் மனைவி என்றாலும் சேர்த்துக் கணக்குப் போட விட மாட்டார்கள். மது தலைக்கு 2 லிட்டர். ஐந்து பாட்டிலை எப்படிப் பிரித்தாலும் ஒருவர் கையில் மூன்று வரும், அது 2.25 லிட்டர். ஒன்றை அங்கேயே நண்பர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பெங்களூர் வந்து இறங்கி டூட்டி ஃப்ரீயில் வாங்குவதும் இதே 2 லிட்டருக்குள்தான் சேரும்.

கேமராவும் அப்படித்தான். பொதுச் சலுகை முன்பு 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரி விதிகளில் 75,000 ஆனது. மீதி 35,000-க்கு வரி கட்டணும். வரி கட்ட வேண்டியவர்கள் போகும் ரெட் சேனலில் போய் பில்லைக் காட்டிவிடுங்கள். ஒன்றும் இல்லை என்பவர்கள் போகும் கிரீன் சேனலில் நடந்து மாட்டினால் அபராதமும் சேரும், பொருளையே பிடித்தும் வைப்பார்கள்.

பாட்டில்களை பெரிய பெட்டியின் நடுவில், துணி சுற்றி, ஒவ்வொன்றையும் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பவர் பேங்க் மட்டும் பெரிய பெட்டியில் போகவே கூடாது, 100 வாட் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) வரை கைப்பையில். 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட் அவர்தான், பயமில்லை. கைப்பையைக் கேட்டில் வாங்கி விமானத்தின் அடியில் போடுவதாகச் சொன்னால் பவர் பேங்கை வெளியே எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

யூரோ சில்லறையை இங்கே யாரும் மாற்ற மாட்டார்கள். லா ஷப்பல் சாப்பாட்டுக்கே கொடுத்துத் தீருங்கள். நோட்டு மீந்தால் 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதை ஊர் திரும்பி 180 நாளுக்குள் வங்கியில் ஒப்படைக்கணும்.