கேள்விகள் அச்சிட்ட குறிப்பேட்டில் இறுதி விருப்பங்களை எழுதி வருகிறேன். சிகிச்சைப் பக்கத்தில் நின்றுவிட்டேன்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 66 வயதாகிறது. சென்ற ஆண்டு என் அண்ணன் 22 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மறைந்தார். தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மருத்துவமனையில் படிவங்களை நீட்டிய ஒவ்வொரு முறையும் அண்ணியும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே கையெழுத்திட்டார்கள். அப்போது அவர்களுக்குள் எழுந்த மனத்தாங்கல் இன்றுவரை ஆறவில்லை.

என் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக, இறுதிக்கால விருப்பங்களைப் பற்றிய கேள்விகளை அச்சிட்டு, பதில் எழுத இடம் விட்டிருக்கும் குறிப்பேடு ஒன்றை வாங்கினேன். வங்கிக் கணக்குகள், காப்பீடு, யார் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் இரண்டே நாட்களில் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் ‘செயற்கை சுவாசக் கருவி வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்கும் பக்கத்தில் ஒரு மாதமாகப் பேனாவை வைக்க முடியவில்லை. மகளிடம் காட்டினால், ‘இப்போது எதற்கு அம்மா இந்தப் பேச்சு’ என்று எழுந்து போய்விடுகிறாள். இந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது? நான் எழுதுவது சட்டப்படி செல்லுமா? குறிப்பேட்டை எங்கே வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் அம்மா. நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் அந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் அங்கே தயங்கியது இயல்பே. ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்கும் கேள்வி அல்ல அது. நிமோனியாவால் மூச்சுத் திணறி வருபவர் சில நாட்கள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு நலமாக வீடு திரும்பலாம். உடலெங்கும் பரவிய புற்றுநோயின் கடைசி வாரத்தில் அதே கருவி, அவரைப் பேசவிடாமல் செய்வதைத் தவிர வேறு எதையும் தராமல் போகலாம்.

ஆகவே கருவியிலிருந்து தொடங்காதீர்கள். எந்த நிலையில் உயிரோடிருப்பதை நீங்கள் வாழ்வாக ஏற்பீர்கள், எந்த நிலையை ஏற்க மாட்டீர்கள் என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் நாலைந்து வரிகள் முதலில் எழுதுங்கள். நான் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர், ‘என் பேரப்பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்கள் பேசுவது எனக்குப் புரியும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை எல்லாச் சிகிச்சையும் கொடுங்கள், அந்த நம்பிக்கை இல்லையென்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னால் என்னை அமைதியாகப் போகவிடுங்கள்’ என்று எழுதிவைத்திருந்தார். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் நினைவிழந்தபோது, எந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தாலும் கிடைத்திருக்காத தெளிவை அந்த வரிகள் அவருடைய மகன்களுக்குக் கொடுத்தன.

‘சில நாட்கள் முயன்று பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்’ என்று எழுதவும் உங்களுக்கு இடமுண்டு. குறிப்பேடுகள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை என்பது என் வருத்தம். இதயம் நின்றபின் மார்பை அழுத்தி மீட்க முயல்வது, சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ், விழுங்க முடியாதபோது குழாய் வழியாக உணவு ஆகியவற்றையும் தனித்தனியாக உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே எழுதுங்கள். மார்பை அழுத்தும்போது வயதானவர்களுக்கு விலா எலும்புகள் முறிவது சாதாரணமாக நடப்பது; அதை அறிந்து முடிவெடுப்பது வேறு, அறியாமல் எடுப்பது வேறு. எதை மறுத்தாலும் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்துகள் கட்டாயம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிகிச்சையை மறுத்தால் கவனிப்பும் நின்றுவிடும் என்ற அச்சம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. அப்படி நிற்க வேண்டியதில்லை.

இரண்டாம் பதில்

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழக்கறிஞராக இருப்பதால் சொல்கிறேன். இத்தகைய குறிப்பேட்டைத் தனக்கே சட்ட வலிமை உள்ள ஆவணமாகக் கருத வேண்டாம். ஜப்பானில் ‘எண்டிங் நோட்’ என்ற பெயரில் இவ்வகைக் குறிப்பேடுகள் பரவலாக விற்பனையாகின்றன; அங்கும் அவை உயிலுக்கு ஈடாவதில்லை. சொத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு உயில் வேண்டும். நினைவிழந்த நிலையில் சிகிச்சை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் என்று தனியாக ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் கட்னர் இந்தக் கருத்தை ஒரு சட்ட இதழில் முன்வைத்தார். 1976இல் கலிபோர்னியா மாநிலம் இதற்குச் சட்டம் இயற்றியது. எத்தனை சாட்சிகள் வேண்டும், யார் சான்றளிக்க வேண்டும் என்பவை நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், நீங்கள் வாழும் இடத்தின் விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நீங்கள் பேச முடியாத நிலையில் உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் அந்த ஆவணத்திலேயே பெயர் குறிப்பிட்டு எழுத முடியுமா என்று கேளுங்கள்; என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே அதிகம் பயன்படுகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உயிலில் ஒருவருக்கு எழுதிய நகையைக் குறிப்பேட்டில் வேறொருவருக்கு என்று எழுதினால், நீங்கள் தவிர்க்க நினைக்கும் மனக்கசப்பை நீங்களே விதைத்தவராவீர்கள். எனவே சொத்துப் பங்கீட்டைக் குறிப்பேட்டில் எழுதவே வேண்டாம். உயில் எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். பக்கந்தோறும் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மூன்றாம் பதில்

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் குடும்பத்தில் நடந்ததே பதில். என் தாயார் இதேபோன்ற குறிப்பேட்டை அழகான கையெழுத்தில் முழுமையாக எழுதி, பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். அவர் மறைந்து பதினொரு நாட்கள் கழித்துத்தான் பெட்டகத்தைத் திறந்தோம். முதல் பக்கத்திலேயே தம் கண்களைத் தானம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டிய கண்கள் அவை. அந்தப் பக்கத்தை நான் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

ஆகவே அவசரமாகத் தேவைப்படும் செய்திகளைக் குறிப்பேட்டுக்குள் புதைக்காதீர்கள். கண் தானம், உடல் தானம், எரிப்பதா புதைப்பதா, முதலில் அழைக்க வேண்டிய மூன்று பேர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். உடல் தானம் என்றால் மாற்று விருப்பம் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலோ சில தொற்றுநோய்கள் இருந்தாலோ மருத்துவக் கல்லூரிகள் உடலை ஏற்க மறுப்பதுண்டு.

கடவுச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதாமல், அவற்றை எங்கே, எப்படிப் பெறலாம் என்று மட்டும் எழுதுவது நல்லது. கூகுள் 2013 முதலும் ஆப்பிள் 2021 இறுதி முதலும், கணக்கு வைத்திருப்பவர் தமக்குப் பின் யார் தம் தகவல்களைப் பெறலாம் என்று உயிரோடிருக்கும்போதே குறிப்பிட்டு வைக்கும் வசதியைத் தந்திருக்கின்றன. எங்கள் தாயாரின் கைப்பேசி எண்ணை நாங்கள் அவசரப்பட்டு ரத்து செய்துவிட்டோம். அதன்பிறகு எந்தக் கணக்கைத் திறக்க முயன்றாலும் சரிபார்ப்பு எண் அந்த இல்லாத எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. இதையும் ஒரு வரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் ஆறு வரிகள் எழுதினேன். நேற்று மாலை மகளிடம் குறிப்பேட்டைக் கொடுக்காமல், ‘மாமா அந்த 22 நாட்களில் என்ன விரும்பியிருப்பார் என்று நீ நினைக்கிறாய்?’ என்று மட்டும் கேட்டேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, ‘உங்களுக்கு என்றால் என்ன செய்ய வேண்டும்?’ என்று அவளாகவே கேட்டாள். அந்த ஆறு வரிகளைப் படித்துக் காட்டினேன். ஒரு சொல் தனக்குத் தெளிவாக இல்லை என்றாள், இருவரும் சேர்ந்து மாற்றினோம்.

என் சார்பில் முடிவெடுக்க அவளையே குறிப்பிடலாம் என்று இருக்கிறேன். ஆவணத்தில் தங்கையின் பெயரைப் பார்த்த பிறகு மகனுக்கு இது தெரியவருவது சரியல்ல என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் நானே பேசப்போகிறேன். கண் தானத் தாளை இன்றே எழுதி ஒட்டிவிட்டேன்.