19 பிள்ளைகள், 5 வகுப்பு, 2 ஆசிரியர்: தரமாக நடத்த முடியுமா?

கேள்வி:
வீடுகள் தூரந்தூரமாகச் சிதறிக் கிடக்கும் பகுதியில் எங்கள் பள்ளி. மொத்தமே 19 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருத்தி நான். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லும் நேரத்தில் ஒன்றாம் வகுப்புச் சிறுசுகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. தூரத்துப் பெரிய பள்ளியோடு இணைத்துவிடலாம், வண்டி விடுகிறோம் என்கிறார்கள். வேறு வழியே இல்லையா? எது கைகொடுத்தது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
பன்னிரண்டு வருடம் ஓராசிரியர் பள்ளியில் இருந்தவன் நான். ஐந்து வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்த முயலும்வரை திணறல்தான். கொலம்பியாவில் 1970களின் நடுவில் ஆரம்பித்த 'எஸ்குவேலா நுவேவா' முறையைப் பாருங்கள், இப்படிப்பட்ட பள்ளிகளுக்காகவே உருவானது. பிள்ளைகள் கையில் வழிகாட்டிப் புத்தகம் இருக்கும், சின்னக் குழுவாக உட்கார்ந்து தாங்களே படித்து, செய்து பார்த்து, அவரவர் வேகத்தில் போவார்கள், அறுவடை நேரத்தில் ஒரு பிள்ளை மூன்று வாரம் வராவிட்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிள்ளைகளின் கற்றலை ஒப்பிட்டபோது, மாநகரங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கிராமப் பள்ளிகள் நகரப் பள்ளிகளை முந்தியது கொலம்பியாவில்தான்.

அதே வழியில், பிள்ளைகள் தாங்களே படித்துச் செய்யும்படி நான் எழுதி வைத்தது பயிற்சி அட்டைகள். தயாரிக்க இரண்டு கோடை விடுமுறை போனது, ஆனால் அப்புறம்தான் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் உட்கார நேரம் கிடைத்தது. ஒன்று கவனம்: பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், அதற்காக அதன் படிப்பு நின்றுவிடக் கூடாது.

பதில் 2:
அட்டை எல்லாம் சரி, ஆசிரியர் நிலைத்தால்தானே? என் மகள் படித்த பள்ளியில் மூன்று வருடத்தில் நான்கு பேர் மாறினார்கள், ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பக்கத்தில் தங்க வீடு இல்லை, பாடத்தைப் பற்றிப் பேச இன்னொரு ஆசிரியர் இல்லை. சிலியில் 1992 முதல் அக்கம்பக்கத்துச் சின்னப் பள்ளி ஆசிரியர்கள் 'மைக்ரோசென்ட்ரோ' என்று மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், சிக்கலைப் பேசி, பாடங்களைச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். ஆசிரியருக்கு வீடும் இப்படி ஒரு துணையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பதில் 3:
இணைப்பதை ஒரேயடியாக மறுக்க வேண்டாம். அறிவியல் ஆய்வகம் வேண்டிய பெரிய வகுப்புகளுக்குப் பொருந்தலாம். ஆனால் ஆறு வயதுக் குழந்தை தினமும் இரண்டு மணி நேரம் வண்டியில் போய்வருவது கொடுமை, ஒருநாள் வண்டி வராவிட்டால் பள்ளியே இல்லை.

அப்புறம், இணையம் வந்தால் ஆசிரியரே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் ரேடியோ வழியாகவே பள்ளி தொடங்கினார்கள், இப்போது இணையத்தில் நடக்கிறது. அங்கேயும் பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவோ ஒரு வீட்டு ஆசிரியரோ உட்கார்ந்தே ஆக வேண்டும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அட்டையை எந்தப் பாடத்தில் தொடங்கட்டும்?

பதில் 1:
தாய்மொழி வாசிப்பு. தானாக வாசித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குத்தான் மற்ற அட்டைகள் பயன்படும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு மட்டும் முதலில் செய்யுங்கள், காலையில் முதல் ஒரு மணி நேரம் நீங்கள் அவர்களோடேயே இருங்கள்.