சாமிய முன்னால வச்சு நடத்துற கடை, கணக்க எப்படி வச்சுக்கிறீங்க?

மாசிவீதி மருமக:
எல்லாருக்கும் வணக்கம். மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துல எங்களுக்கு சின்ன குங்குமக் கடை, மாமனாரோட அப்பா ஆரம்பிச்சது, மாமாவுக்கு இப்ப முட்டி வலி ரொம்ப நேரம் உக்கார முடியல அதனால கல்லாவ நான் பாக்குறேன். குங்குமம் நாங்களே செய்யிறது. மஞ்சக் கெழங்க ஒடச்சு எலுமிச்ச சாறு படிகாரம் வெங்காரம் சேத்து ஊற வச்சு நெழல்ல காயப்போட்டு அப்புறம் இடிச்சு சலிக்கணும், மழ காலம்னா காயவே காயாது. காஞ்ச துண்ட ரெண்டா ஒடச்சா உள்ள வரைக்கும் ஒரே செவப்பா இருக்கணும், நடுவுல கொஞ்சம் மஞ்ச தெரிஞ்சாலும் மாமா அத திரும்ப ஊறல்ல போட்ருவாரு.

கடை அம்மனோடது நாம பாத்துக்கிறவங்கன்னுதான் அவரு எப்பவும் சொல்வாரு, எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கு அதுல எந்த சந்தேகமும் இல்ல. ஆனா இப்ப சாயம் போட்ட பொடி பாதிக்கும் கொறஞ்ச விலைக்கு வருது, பக்கத்துல பூராம் அதத்தான் விக்கிறாங்க, கொழுந்தனாரு நாமளும் வாங்கி விப்போம்ங்கிறாரு. அப்புறம் தெனமும் முதல் போணிய மாமா கடையிலயே வச்சிருக்கிற அம்மன் உண்டியல்ல போடுவாரு, சரக்கு எடுக்க பணம் பத்தலன்னா அதுலருந்தே எடுத்துக்குவாரு, பெறகு திருப்பி போட்டாரா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, அது எனக்கு மனசுக்கு ஒப்பல. சித்திரத் திருவிழாவுல திருக்கல்யாணத்தன்னிக்கு வர்ற பொம்பளைங்களுக்கு மஞ்சக் கயிறும் குங்குமமும் சும்மா குடுப்போம், வருஷத்துலயே நல்லா யாவாரம் நடக்குற நாளு அதுதான். இதயெல்லாம் எப்படி சமாளிக்கிறது, இந்த மாதிரி கடை வச்சிருக்கவங்க சொல்லுங்க.

கீழமாசி யாவாரி:
உண்டியல் பத்தி மட்டும் சொல்றேன் ஏன்னா அதுதான் முக்கியம்னு எனக்கு படுது. நாங்க விருதுநகர் பக்கத்துலருந்து வந்து இங்க பலசரக்கு மொத்த யாவாரம் பாக்குறவங்க, எங்க ஆளுகளுக்கு மகமை பழக்கம் இருக்கு. லாபம் வந்தா குடுப்போம்ங்கிற பேச்சே கெடையாது, மூட்டைக்கு இவ்வளவுன்னு எடுத்து வச்சிரணும், நஷ்டமானாலும் அது யாவாரி காசு இல்ல ஊர்க் காசு. அது பொது நிதிக்கு போயி நாலு பேரு கணக்கு பாப்பாங்க. விருதுநகர்ல சத்திரிய வித்தியாசாலை 1889ல ஆரம்பிச்சது இப்படி சேந்த காசுலயும் வீட்டு வீட்டுக்கு வாங்குன பிடி அரிசியிலயும்தான், காமராசர் படிச்ச பள்ளிக்கூடம் அது. நஷ்டம்னு சொல்லி அவங்கவங்க அதுல கைய வச்சிருந்தா ஒரு செவரு கூட எழும்பிருக்காது.

அதனால தங்கச்சி, உண்டியல எடுத்துட்டு பேங்க்ல தனியா ஒரு கணக்கு தொறங்க. மாசம் ஒரு தடவ மாமாவ பக்கத்துல உக்கார வச்சு அம்மன் பங்குன்னு தனிப் பக்கம் போட்டு எழுதுங்க. அவரு எடுக்குறதா இருந்தா எடுக்கட்டும், ஆனா கடை வாங்குன கடன்னு அந்தப் பக்கத்துல எழுதி அவரே கையெழுத்து போடணும். பெரியவங்க அம்மன் பேர்ல இருக்கிற கடன ஒரு நாள் கூட நிக்க விட மாட்டாங்க பாருங்க.

விளக்குத்தூண் லேஸ்கடை:
அண்ணே சொன்னது சரி. நாங்க லேஸ் நூல் பட்டன் கடை, எங்க வீட்டுல ஜகாத், அதாவது ஏழைங்களுக்கு குடுக்க வேண்டிய கட்டாய தருமம், அதுக்கான கணக்கு வாப்பா காலத்துலருந்தே எழுதுவோம். அதுல என்னன்னா கையில இருக்கிற ரொக்கம், விக்கிறதுக்கு வச்சிருக்கிற சரக்கு எல்லாத்தையும் இன்னைக்கு என்ன விலைக்கு போகும்னு போட்டு குடுக்க வேண்டிய கடன கழிச்சு மிச்சம் நிசாபுங்கிற கொறஞ்சபட்ச அளவுக்கு மேல இருந்தா ரெண்டரை சதவீதம், லட்சத்துக்கு 2500 ரூபா, நெல பெறை கணக்குல வருஷத்துக்கு ஒரு தடவ. கடையில கெடக்குற ராக்கை, ஃபேனு, தராசுக்கெல்லாம் கெடையாது, விக்கிற சரக்குக்கு மட்டும். இதுக்காகவே ரமலான் வந்தா மேல் தட்டுல கெடக்குற பொட்டி வரைக்கும் எறக்கி எண்ணியாகணும், அப்பத்தான் எந்த லேஸ் மூணு வருஷமா நகரலன்னே தெரியும், அந்த கலர அப்புறம் வாங்கவே மாட்டோம். ஆடிட்டர் சொல்லி கூட நாங்க இப்படி எண்ணுனது இல்ல அல்லாஹ்வுக்கு பதில் சொல்லணுமேன்னு எண்ணுறோம்.

இன்னொன்னும் இருக்கு. குர்ஆன்ல இருக்கிறதுலயே நீளமான வசனம் கடன எழுதி வச்சுக்கச் சொல்றதுதான், சாட்சியோட. அண்ணந்தம்பிக்குள்ள என்ன எழுத்துன்னு எங்க வீட்டுலயும் கேட்டாங்க, வாப்பா விடல. மூணு பேரு சேந்து நடத்துற கடையில இன்னைக்கு வரைக்கும் காசு சண்டை வராததுக்கு எனக்கு தெரிஞ்சு இது ஒண்ணுதான் காரணம். உங்க கொழுந்தனாரு பங்கு என்ன, உங்க சம்பளம் என்ன, அதையும் எழுதிருங்கக்கா. மருமக தானேன்னு சும்மா உக்கார வச்சிருந்தாங்கன்னா அதையும் பேசுங்க.

புதூர் பேக்கரி:
எங்க கடை ஞாயித்துக்கெழம லீவு, வேற எதுவும் எனக்கு தெரியாது ஆனா சாயப்பொடி விஷயத்துல சொல்லணும்னு தோணுச்சு. வாங்கி வித்துராதீங்க சிஸ்டர். அது நெத்தியில வைக்கிற பொருளு, செலருக்கு அரிப்பு எடுத்து தோலு கருத்துப் போகுது, எங்க பேக்கரியில வேல பாக்குற அக்காவுக்கே அப்படி ஆச்சு. விலையில அவங்களோட மோத முடியாது அதனால மோதாதீங்க. நீங்க செய்யிறத சின்ன பாக்கெட்டா போடுங்க, பத்து ரூபாய்க்கு எவ்வளவு வருமோ அவ்வளவு, எடை விலை கடை பேரு எல்லாம் பாக்கெட்டு மேல அச்சடிக்கணும் அது சட்டம். கல்லா பக்கத்துல ஒடச்ச மஞ்சத் துண்டு ஒரு கிண்ணம் வைங்க, உள்ள செவந்திருக்கிறத வர்றவங்க கையில எடுத்து பாக்கட்டும். நாங்க நெய் பிஸ்கட்டுக்கு நெய் டின்ன கண்ணுக்கு தெரியிற மாதிரி வச்சதுக்கப்புறம் யாரும் விலை பேசுறதில்ல.

இடிக்கிறதுக்கு ஆளு வச்சிருந்தா அவங்க கூலிய மொதல்ல குடுங்க, சாமி பங்கு அதுக்கப்புறந்தான். எங்க பாஸ்டரே அப்படித்தான் சொல்லுவாரு, கூலிக்காரன் காச ராத்திரி முழுக்க கையில வச்சுக்காதன்னு பைபிள்லயே இருக்கு.

கீழமாசி யாவாரி:
திருக்கல்யாணத்துக்கு குடுக்குறத மட்டும் நிறுத்திராதீங்க தங்கச்சி. அன்னிக்கு மதுரையில தாலிக் கயிறு மாத்தாத வீடு கொறவு, அந்தக் கயிறு யாரு குடுத்ததுன்னு பொம்பளைங்க மறக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் குடுக்கணும்னு நான் சொல்லல, உங்க மாமா அதுக்காக குடுக்கவும் இல்ல. செலவ மட்டும் கடை கணக்குல எழுதாம அந்த அம்மன் பங்குலருந்து போடுங்க. அதுல எவ்வளவு இருக்கோ அவ்வளவு கயிறு, அப்ப கொழுந்தனாரும் வாய தொறக்க முடியாது.

மாசிவீதி மருமக:
அண்ணனுங்களுக்கும் பேக்கரிக்காரங்களுக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மாமாட்ட பேசுனேன், பேங்க் கணக்குக்கு மொதல்ல மொகத்த சுளிச்சாரு, அம்மன் காசுக்கு எதுக்கு பாஸ்புக்குன்னு. மீனாட்சி நகைக்கே கோயில்ல ரிஜிஸ்டர் இருக்குல்ல மாமான்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சித்திரை ஒண்ணாந்தேதி புதுக்கணக்கு போடும்போது ஆரம்பிச்சுக்கலாம்னுட்டாரு. சாயப்பொடி கெடையாதுன்னு முடிவாயிருச்சு. சம்பளப் பேச்சு இன்னும் எடுக்கல, எடுப்பேன். மஞ்சக் கயிறு மொத்தமா நல்ல நூல்ல முக்குனதா எங்கிட்டு கெடைக்கும்னு தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, போன தடவ வாங்குனது தண்ணி பட்டதும் வெளுத்துப் போச்சு.