பன்னீர் வடிக்கும் பானைக்குப் பித்தளைக் குழாய் போடலாமா?

மாடித்தோட்டம்: எங்கள் மாடியில் பன்னீர் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. பாத்திரம் செய்யும் கன்னாரிடம் சொல்லி 15 லிட்டர் செம்புப் பானை ஒன்று செய்துவிட்டேன். பன்னீரும் வெட்டிவேர்த் தண்ணீரும் வடித்துப் பாயசத்தில் விடவும் முகத்தில் தடவவும் ஆசை. ஆவிக் குழாய்க்கு இணைப்புகளும் வடிநீர் பிடிக்க ஒரு திருகுக் குழாயும் வேண்டும். ஹார்டுவேர் கடையில் பித்தளை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பழையபட்டறை: தாராளமாக வாங்குங்கள். என் பாட்டி பித்தளைக் குடத்துத் தண்ணீரைக் குடித்தே 91 வயது வரை இருந்தார். இணையத்தில் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துகிறார்கள்.

லேத்துக்காரன்: பாட்டி நீண்ட நாள் இருந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குடம் வேறு, இந்தக் குழாய் வேறு. குடம் தகட்டை அடித்துச் செய்வது. உடம்புக்கு ஆகாத காரீயம் (lead) கலந்தால் அடிக்கும்போதே வெடித்துவிடும். திருகுக் குழாய் கடைந்து செய்வது. கடைய எளிதாக இருக்கட்டும் என்றே 2, 3 சதவீதம் காரீயம் சேர்க்கிறார்கள். செம்பைக் கடைந்தால் சுருள் சுருளாக வரும், கையைக் கிழிக்கும். குழாய்ப் பித்தளை அரிசி நொய் மாதிரி உதிரும். அந்த உதிர்வுக்குக் காரணமே காரீயம்தான்.

பழையபட்டறை: வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பித்தளைதானே? அதில் குடிக்கவில்லையா?

லேத்துக்காரன்: நம் உப்புத் தண்ணீர் ஓட ஓடக் குழாயின் உள்ளே வெள்ளையாகப் படியும், அது உலோகத்துக்கு ஒரு போர்வை. வடிநீரில் உப்பே கிடையாது. பன்னீருக்கு லேசான புளிப்பு வேறு உண்டு. இரவு முழுக்கக் குழாயின் வாயில் தேங்கிக் காரீயத்தைக் கரைத்த அரைக் கரண்டிதான் காலையில் முதலில் விழும்.

பழையபட்டறை: சரி, வினிகர் 2 பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு கலந்து ஊறவைத்தால் காரீயம் போய்விடும். நானே செய்திருக்கிறேன், பித்தளை பொன்னிறமாக வந்தது.

லேத்துக்காரன்: மேல்பூச்சாக ஒட்டியிருப்பது போகும், ஒப்புக்கொள்கிறேன். குழாயைத் திருகத் திருக உள்ளே தேய்ந்து புது உலோகம் வெளியே வருமே, அதற்கு?

பழையபட்டறை: அப்படியானால் உள்ளே ஈயம் பூசிவிட்டால் தீர்ந்தது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு எந்த வீட்டில் இல்லை?

கொடிமல்லி: குறுக்கிடுகிறேன். ரசச் சொம்பு வெள்ளீயம் (tin). உடம்புக்கு ஆகாதது காரீயம். இரண்டையும் வெறுமனே ‘ஈயம்’ என்று சொல்லித்தான் நாம் குழம்புகிறோம். பூசுகிறவரிடம் கட்டியைக் காட்டச் சொல்லுங்கள். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கரகரவென்று சத்தம் வரும். காரீயம் சத்தம் போடாது. அதே அளவில் ஒன்றரை மடங்கு கனக்கும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். மாடித்தோட்டம், குழாயை விடுங்கள், பானையின் மூட்டை எதனால் பற்றவைத்தார்கள்? ரேடியோ கடையில் விற்கும் பற்றாசுக் (சால்டர்) கம்பியில் 40 சதவீதம் காரீயம்.

மாடித்தோட்டம்: இப்போதுதான் கன்னாரைக் கேட்டேன். அடிப்பாகம் முழுத் தகடு. மூக்கை மட்டும் ‘சாதாரணக் கம்பி’ வைத்துப் பற்றினாராம். வயிறு கலங்குகிறது.

லேத்துக்காரன்: மூக்கைக் கழற்றி வெள்ளி கலந்த பற்றாசால் மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது ஆணி அடித்து இறுக்கச் சொல்லுங்கள். குழாய்க்கு 304 ரகம் என்று பொறித்த எவர்சில்வர். காந்தம் வைத்துச் சோதிப்பது வீண். மட்டமான 202 மீதும் ஒட்டாது. துத்தநாகம் பூசிய கால்வனைஸ் இணைப்பு வேண்டவே வேண்டாம், புளிப்பில் துத்தநாகம் கரையும்.

பழையபட்டறை: உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் அத்தர் வடிக்கிறவர்கள் இதெல்லாம் பார்த்தா செய்கிறார்கள்?

கொடிமல்லி: அங்கே திருகு இணைப்பே கிடையாது. செம்புப் பானை, மூங்கில் குழாய், மூட்டுக்குக் களிமண். உங்கள் கட்சிக்கு அது உதவாது.

பழையபட்டறை: ஆவி போகும் மேல்பக்கத்துக்காவது பித்தளை நட்டு இருக்கட்டும், அங்கே எதுவும் தேங்குவதில்லை.

லேத்துக்காரன்: ஆவி அங்கேயும் குளிர்ந்து சொட்டும். 304 நட்டு கூடுதலாக எவ்வளவு ஆகிவிடும்?

மாடித்தோட்டம்: மூக்கைக் கழற்றக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். அதுவரை பூவைக் கோவிலுக்குக் கொடுக்கிறேன்.