ஹென்றி மூர் ஏன் உடம்பிலை ஓட்டை விட்டவர்?

கொக்குவில் பெட்டை:
ஏ.எல். சோதனைச் சித்திரப் பாடத்துக்கு ஒரு களிமண் உருவம் செய்யிறன். மத்தியானம் சாப்பிட்டிட்டு அம்மம்மா விறாந்தையிலை முழங்கையை ஊண்டிச் சரிஞ்சு கிடப்பா, அதுதான். இங்கிலாந்துச் சிற்பி மூரின்ரை சிலைப் படங்களைப் பாத்திட்டுக் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலை ஓட்டை விட்டன், தலையையும் சின்னனாக்கினன். அம்மம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினால், "மூஞ்சை எங்கை பிள்ளை?" எண்டு ஒரே சிரிப்பு. இரவோடை ஓட்டையின்ரை மேல்பக்கம் வெடிச்சும் போச்சு. அந்தாள் ஏன் உப்பிடிச் செய்தவர்?

வாகனக்காரன்:
நாங்கள் கோயில் வாகனம் செய்யிற ஆக்கள் தங்கச்சி. எங்களுக்கு முகத்தின்ரை நீளம்தான் அளவு. நவதாளம் எண்டால் உடம்பு அதைப்போல ஒன்பது. தலையைச் சின்னனாக்கினால் அப்பு உளியாலை எறிவார்! ஆனால் மூரின்ரை எல்ம் மர உருவங்களைப் பாருங்கோ. மரத்தின்ரை ரேகை உடம்பின்ரை நீளத்துக்கு ஓடிவந்து முழங்காலிலை வட்டம் வட்டமாய்ச் சுழியும். மரம் தெரிஞ்ச கை.

பழைய சித்திர வாத்தி:
பிள்ளை, மூர் 1898 இல் யோர்க்ஷயரிலை ஒரு சுரங்கத் தொழிலாளியின்ரை மகனாய்ப் பிறந்தவர். சின்னனிலை, வாதம் பிடிச்ச தாயின்ரை முதுகுக்கு மருந்து தேய்ச்சு விடுறது அவற்றை வேலை. கனகாலத்துக்குப் பிறகு, குந்தியிருக்கிற ஒரு பெண் சிலையின்ரை முதுகைச் செய்யேக்கை அதுதான் கைக்கு வந்தது எண்டு சொன்னவர். 1929 இல் பழுப்புக் கல்லிலை செய்த சரிஞ்ச பெண்ணுக்குத் தூண்டுதல் மெக்சிக்கோவின்ரை சாக்மூல் எண்ட, சரிஞ்சு கிடக்கிற பழைய கற்சிலை. எலும்பு, கூழாங்கல், தீக்கல் எல்லாம் பொறுக்கி வைச்சிருப்பார். உள்ளங்கையிலை அடங்கிற சின்ன உருவம் செய்து திருப்பித் திருப்பிப் பாப்பார். ஓட்டை விட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்டாகும், சுத்தி நடந்து பாக்கச் சொல்லும்.

நெடுந்தீவிலை பவளக்கல் அடுக்கின மதில்கள் இருக்கெல்லே? விழுந்து கிடக்கிற கல் ஒண்டை எடுத்து (மதிலைப் பிடுங்கிப்போடாதை) ஓட்டைக்குள்ளை விரலை விட்டுப் பார். விளிம்பு வெட்டினமாதிரி இராது, உள்ளுக்கை உருண்டு போகும். நீ கத்தியாலை வெட்டியிருப்பாய் எண்டு நினைக்கிறன்.

வெடிச்சது வேறை கதை. உள்ளுக்குக் கம்பி வைச்சனியோ? களிமண் காய்ஞ்சால் சுருங்கும், கம்பி சுருங்காது.

கொக்குவில் பெட்டை:
கத்திதான் சேர். கம்பியும் வைச்சனான், வேலி கட்டின மிச்சம். திரும்பக் குழைச்சிட்டன். நேற்று அம்மம்மா வந்து பாத்திட்டு, "என்ரை இடுப்பு உவ்வளவு பெரிசே?" எண்டு கேட்டவ. முகத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை.