ரப்பர் கிரிப் போட்டதிலிருந்து கே-38 ரிவால்வர் இடது கீழே அடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம். ஓஹையோவில் இருக்கிறேன், வலது கைக்காரன். இரண்டு வருடமாக 25 கெஜத்தில் ஒற்றைக் கையால் இலக்குச் சுடுதல் பழகுகிறேன். என்னிடம் இருப்பது பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 14, அதாவது கே-38. 6 அங்குல பேரல், .38 ஸ்பெஷல், 148 கிரெய்ன் வாட்கட்டர் (முனை தட்டையான இலக்குக் குண்டு). மரக் கிரிப் இருந்தவரை பத்துக்கு ஏழெட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழும். வியர்வையில் வழுக்குகிறதே என்று போன மாதம் பின்பக்கத்தையும் சேர்த்து மூடும் ரப்பர் கிரிப் மாட்டினேன். அன்றிலிருந்து எல்லாமே இடது கீழே. பின் சைட்டை (குறிபார்க்கும் பகுதியை) திருப்பினால் ஒரு நாள் சரியாகிறது, மறுநாள் பழையபடி. பேசாமல் அதே கம்பெனியின் 686 ரிவால்வர் ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்:
தம்பி, சைட்டை இனித் தொடாதீர்கள். சிலிண்டரைத் திறந்து காலிதான் என்று இரண்டு முறை பாருங்கள். ஹேமரை (பின்னாலுள்ள சுத்தியலை) இழுத்துவைத்து, சுடுவதுபோலப் பிடித்து, விரல் எங்கே படுகிறது என்று கவனியுங்கள். முன் சைட்டுக்குப் பின்னால் பேரல் மேல் ஒரு நாணயத்தை வைத்து டிரிகரை அழுத்துங்கள். இரண்டு கிரிப்பிலும் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
செய்தேன் அண்ணா. மரக் கிரிப்பில் விரல் சதையின் நடுப்பகுதி டிரிகரில் உட்காருகிறது, நாணயம் அசையவில்லை. ரப்பரில் நகத்தை ஒட்டிய நுனிதான் எட்டுகிறது. பத்தில் ஆறு முறை நாணயம் இடப்பக்கம் விழுந்தது.

பதில்:
அதேதான். பின்பக்க ரப்பர் சில மில்லிமீட்டர்தான், ஆனால் உங்கள் கை சிறியது. நுனி விரல் டிரிகரை நேர் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. கட்டைவிரலும் ஹேமரை எட்டச் சிரமப்படும், அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் பிடி நகர்ந்துவிடும். ஒரு நாள் சரி, மறுநாள் தப்பு என்பதற்கு இதுவும் காரணம்.

இன்னொருவர்:
686 பற்றி என் அனுபவம். அதன் பேரலுக்கு அடியில் முழு நீளத்துக்கும் இரும்பு உண்டு. முன்பாரம் சைட்டை அசையாமல் வைக்கும், உண்மை. ஒற்றைக் கையில் அறுபதாவது குண்டு தாண்டியதும் தோள் கெஞ்சும். முக்கியமாக, உங்களுடையது கே பிரேம், 686 எல் பிரேம்; இரண்டு பிரேமுக்கும் கைப்பிடிச் சட்டத்தின் அளவு ஒன்றுதான். அதிலும் இதே மாதிரி ரப்பரை மாட்டினால் இதே கதைதான். கைப்பிடிச் சட்டத்தின் அடிப்பகுதி இப்போதைய 686-இல் உருண்டை, உங்களுடையது பெரும்பாலும் சதுர அடியாக இருக்கும். கிரிப் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய மரத்தையே மாட்டுங்கள். டிரிகர் கார்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளியை நிரப்பும் சிறு அடாப்டர் கிடைக்கும், நடுவிரல் அதில் தாங்கி நிற்கும். வழுக்கலுக்குக் கிரிப்பில் படிந்த எண்ணெயைத் துடைத்தாலே பாதி போய்விடும். சைட்டைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள்.

கேட்டவர்:
ஞாயிறு அடாப்டரோடு சுட்டேன். பத்தில் எட்டு கறுப்பில், மீதி இரண்டும் வலது மேலே! சைட்டை இரண்டு கிளிக் குறைவாகத் திருப்பியிருக்கிறேன், அதுதான். மனசு நிறைந்த நன்றி. வீட்டில் .22 மாடல் 17-இலும் இதே நாணயப் பயிற்சி செய்யலாமா?

பதில்:
சிலிண்டரின் அறைகளைக் காலியாக வைத்துச் செய்ய வேண்டாம். .22 ரிம்ஃபயர், அதாவது தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்துச் சுடுவது. தோட்டா இல்லாவிட்டால் அந்த ஊசி, அறையின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போட்டுவிடும். அப்புறம் தோட்டா உள்ளே போகாது. சுவரில் திருகு போட வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக், நான்காம் நம்பர், ஆறு அறைகளிலும் போட்டுக்கொள்ளுங்கள். நசுங்கியதும் மாற்றிவிடுங்கள்.