ஓட்டு வீட்டு முன் தோட்டம்: எதைப் பார்த்து அமைப்பது?

கேள்வி (தேவனாம்பட்டினம்):
அலைச்சத்தம் கேட்கும் ஓட்டு வீடு. முன்னால் கொஞ்சம் மணல் நிலம். ஆங்கிலேயக் கிராமத்து வீடுகளைப் போலச் செடிகள் நெருக்கியடித்துப் பூக்க வேண்டுமென்று ஆசை. மூன்று முறை ரோஜா வைத்தேன். உப்புக்காற்றில் இலையெல்லாம் கருகி அப்பளமாக நொறுங்கின.

பதில் (புதுச்சேரி):
இங்கே பழைய பிரெஞ்சுத் தெருக்களில் காலையில் நடந்து பாருங்கள். மஞ்சள் சுவரில் வழியும் காகிதப்பூ உப்பைத் தாங்கும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் வெறும் இலைதான். 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவையும் பாருங்கள்.

பதில் (கடலூர் முதுநகர்):
எங்கள் பாட்டி வீட்டு வாசலைவிடவா, தம்பி? நித்தியகல்யாணி, அந்திமந்தாரை, ஓரமாகக் கனகாம்பரம். யாரும் வரிசை பார்த்து நடவில்லை; விதை விழுந்த இடத்தில் முளைத்தன. 2011 தானே புயலில் முருங்கை சாய்ந்தது, நித்தியகல்யாணி மறுபடி துளிர்த்தது.

கேட்டவர்:
அந்திமந்தாரை விதை மிளகு போலிருக்குமே, அதுதானே அக்கா? ஒரு கைப்பிடி கிடைக்குமா?